நாய்க்கடிதானே!

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் தும்முவது ஒரு குற்றம். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கதவைச் சாத்திவிட்டுத் தும்மினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வீட்டில் இருமல் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காது எங்கள் வீட்டுப் பக்கமே அதிகம் திரும்பியிருந்தது. காரணம், என் அத்தை. அப்பாவின் அக்கா. செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கொரோனா வார்டில் வேலை. எங்களோடு குடியிருந்தவள், ஊரடங்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டாள். ஆனாலும் தெருவுக்குச் சந்தேகம் தீரவில்லை. சாயங்காலம் அத்தையோடு வீடியோவில் பேசினால், போன் வழியாக நோய் வந்துவிடும் என்பதுபோல் பெரியம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

எனக்கு அப்போது பத்து வயது. டிவி பார்த்துப் பார்த்து நானும் துப்பறிகிற ஆளாகியிருந்தேன். நோய்களை என் கணக்கில் தரம் பிரித்திருந்தேன். எது டிவியில் அதிக நேரம் வருகிறதோ அதுதான் பெரிய நோய். தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகத் தொற்றும் என்று அத்தை ஒருமுறை சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்கே வந்துவிட்டுப் போன ஒரு நோயை எப்படி மதிப்பது?

அப்பா மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வாட்ச்மேன். ஓட்டலைப் பூட்டிவிட்டார்கள் என்றாலும் காவலுக்கு ஆள் வேண்டுமே, தினமும் டிவிஎஸ் வண்டியில் போய்வந்தார். திடீரென்று ஒரு நாளிலிருந்து அவர் நடவடிக்கை சரியில்லாமல் போனது. வீட்டுக்கு வந்ததும் லுங்கிக்கு மாறுகிறவர், அந்த வெயிலில் முழு பேன்ட்டோடு படுத்துக்கொண்டார். தன் துணியைத் தானே துவைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. கொடியில் காய்ந்த பேன்ட்டில் மஞ்சள் கறை இருந்தது. கேட்டால், “பெயின்ட்டுடா கண்ணு” என்றார். பூட்டிய ஓட்டலுக்கு யார் பெயின்ட் அடிக்கிறார்கள்?

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் கொரோனா. மறைக்கிறார்.

அம்மாவிடம் சொன்னால் அழுவாள், பெரியம்மா காதில் விழும். அதனால் அம்மா அடுப்படியில் இருந்த நேரம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அத்தையைக் கூப்பிட்டேன்.

“அத்தை, அப்பாவுக்குக் கொரோனா வந்துட்டுது. யார்கிட்டயும் சொல்லாத.”

அத்தை பதறவில்லை. “காய்ச்சல் அடிக்குதா? இருமறானா?”

“இல்ல. ஆனா பேன்ட்டு போட்டுகினே தூங்கறாரு.” மஞ்சள் கறையையும் சொன்னேன்.

“மஞ்சளா?” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, “நடக்கும்போது காலு இழுக்கறானா?” என்றாள்.

ஆமாம், இழுத்தார். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கொரோனாவுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

“போன அவன்கிட்ட குடு.”

அப்பா முதலில் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அத்தையின் குரல் ஸ்பீக்கர் போடாமலே வெளியே கேட்டது. “டேய், வீடியோ போட்டு பேன்ட்ட தூக்கிக் காட்டுடா.” அப்பா தூக்கினார். கெண்டைக்காலில் நாய் கடித்த இடம், மஞ்சள் தூளும் சீழுமாக இருந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டல் சமையல்கட்டு மிச்சத்தில் வளர்ந்த நாய்கள் அவை. ஓட்டல் பூட்டியதும் பட்டினி. அப்பாதான் பிஸ்கட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று, பிஸ்கட்டைத் திரும்பியும் பார்க்காமல் அவர் காலைப் பிடித்துவிட்டது.

“அந்த நாய் இப்போ எங்க கீது?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “செத்துப்போச்சுக்கா.”

அத்தை கத்தினாள்.

“இத வெச்சுகினு வூட்ல குந்திகினு கீறியே, இன்னாடா நெனச்சுகினு கீற?”

“ஆஸ்பத்திரிக்கு வந்தா கொரோனா ஒட்டிக்கும்க்கா. புள்ள கீது வூட்ல. தெருவுல வேற நம்மள உள்ள வுட மாட்டாங்க.”

“ஒட்டிக்கினா பாத்துக்கலாம். கெளம்பு.”

மூன்று பேரும் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். என்னை விட்டுப்போக இடமில்லை; நர்ஸ் வீட்டுப் பிள்ளையை அப்போது யார் உள்ளே சேர்ப்பார்கள்? திருக்கழுக்குன்றத்தில் போலீஸ் மறித்தது. தடியை நீட்டி, எட்ட நின்றபடியே எங்கே என்று கேட்டவர், ஆஸ்பத்திரி என்றதும் இன்னும் இரண்டடி பின்னால் போனார். அப்பா பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். போலீஸ்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நாய்க்கடியா? போ, போ” என்று தானே தடுப்பை நகர்த்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நானும் அம்மாவும் நின்றோம். உள்ளே அப்பாவுக்குக் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். அவர் கத்தியது வெளியே வரை கேட்டது. தலை முதல் கால் வரை உறை மாட்டிய உருவம் ஒன்று வந்து எங்களுக்கு எட்டத்தில் நின்றது. குரலை வைத்துத்தான் அத்தை என்று தெரிந்தது. ஓடிப்போகப் பார்த்த என்னைக் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

“ஊசி போட்டாச்சு. இன்னும் சொல்ற தேதிக்கெல்லாம் வந்து போட்டுக்கணும்” என்றாள் அம்மாவிடம்.

“பயமில்லையே, அண்ணி?”

அத்தை ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“லேட்டா வந்துக்கீறான். ஆனா நோவு கெளம்பறதுக்கு முன்ன வந்துட்டான்னுதான் நெனைக்கறேன். கொரோனா ஒருத்தன்கிட்டேந்து வூட்டையே புடிக்குது. ஆனா நெறைய பேரு எழுந்து வூட்டுக்குப் போறாங்க, நானே அனுப்பி வெக்கறேன். இது யார்கிட்டேயும் போவாது. அவனோட நிக்கும். ஆனா கெளம்பிடுச்சுன்னா, இத்தன வருஷத்துல ஒருத்தரும் எழுந்து போய் நான் பாத்ததில்ல.”

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். எனக்கோ நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. யார்கிட்டேயும் போகாது என்று அத்தையே சொல்லிவிட்டாளே! “நாய்க்கடிதானேம்மா, கொரோனா இல்லல்ல?” என்று சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டாள். எதற்கென்று தெரியவில்லை.

தெருவும் என்னைப் போலத்தான் நினைத்தது. நாங்கள் திரும்பியபோது பெரியம்மா ஜன்னலில் முகமூடியோடு தயாராக இருந்தாள். “எங்க போய்ட்டு வரீங்க மூணு பேரும்?”

“அவர நாய் கடிச்சுட்டுதுக்கா” என்றாள் அம்மா.

“நாய்க்கடிதானா! நல்லவேளை, நான் இன்னாவோன்னு பயந்துட்டேன்.” ஜன்னல் அகலமாகத் திறந்தது. மறுநாள் எங்களுக்கு முருங்கைக்கீரை வந்தது. அந்த மாதங்களில் எங்கள் வாசலுக்கு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்பா ஊசிகளை ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டார். காயம் ஆறியது. மறுபடியும் லுங்கி கட்டினார், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் சந்தேகம் இப்போது அம்மா பக்கம் திரும்பியது. காலையில் அப்பா எழுந்ததும் பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதுவரை அவரே மொண்டு குடித்துக்கொண்டிருந்தவர்தான். கொடுத்ததோடு போகாமல், அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று அவர் தொண்டையையே பார்த்தாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். சாயங்காலம் போனில் அத்தை கேட்பதும், “தண்ணி குடிச்சானா?” என்பதுதான்.

தண்ணீரில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் டம்ளரின் அடியில் தங்கிய சொட்டை நக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அந்த நோய் கிளம்பியவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், ஒரு வாய் இறங்காது என்பதை நான் புத்தகத்தில் படித்தது பல வருடம் கழித்து. அன்று அம்மாவையே கேட்டுவிட்டேன்.

“இன்னாத்துக்கும்மா அப்பா குடிக்கறத தெனமும் நின்னு பாக்கற?”

“பாக்க நல்லா கீது. அதான்” என்றாள்.

அப்படி என்ன நன்றாக இருக்கிறது என்று மறுநாள் காலை நானும் அவளோடு நின்று பார்த்தேன். அப்பா மடக் மடக்கென்று குடித்தார். மீசையில் கொஞ்சம் வழிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். அம்மா நீளமாக மூச்சுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை.