தங்கையின் சைக்கிளுக்கு அண்ணை போட்ட கியர்க் கம்பி

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது என் அண்ணை கோப்பாயில் எங்கள் வீட்டில் இருந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மலாயாவில் இருந்தார்கள். அண்ணை அங்கே ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். மூச்சு வருத்தம் கூடியதால், ஊர்க்காற்றில் கொஞ்சக் காலம் இருந்தால் சுகப்படும் என்று லீவில் தனியாக வந்திருந்தார். அவர் திரும்புவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. கடிதமும் நின்றுவிட்டது.

நான் அந்தப் பகுதிக்கு மருத்துவிச்சி. கலியாணம் செய்யவில்லை. ஐயாவும் அம்மாவும் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைப்பேறு பார்க்க ஊரூராய்ப் போவதற்கு நான் ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கியிருந்தேன். அந்தச் சேதி மலாயாவுக்கு எட்டியபோது, சீலை உடுத்த பெண் தெருவில் சைக்கிள் ஓடுவது குடும்பத்துக்கு வடிவில்லை என்று அண்ணை எழுதியிருந்தார். ஊருக்கு வந்த பின்னும் அவர் எண்ணம் மாறவில்லை. நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஏசியதில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவரிடமும் ஒரு சைக்கிள் இருந்தது, கப்பலில் கூடவே கொண்டுவந்தது. அதன் பின்சில்லின் நடுக்குடத்துக்குள் மூன்று கியர் இருந்தது. ஹாண்டிலில் ஒரு சின்ன விசை. அதிலிருந்து புறப்படும் கம்பி மேல்பார் வழியாக ஓடி, சீற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கப்பியில் வளைந்து, சில்லின் அச்சுக்குள் போகும். விசையைத் தட்டினால் மிதி இலகுவாகும், அல்லது பாரமாகும். மூச்சு வருத்தத்தால் அண்ணை அதை ஓடுவதில்லை. மேல்பார் இருப்பதால் சீலையோடு நானும் ஓட முடியாது. அது மாட்டுக்கொட்டிலில் சும்மா நின்றது.

மேடு பள்ளமில்லாத எங்கள் ஊரில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் சோளகக் காற்று வீசும் காலத்தில் கைதடியிலிருந்து கோப்பாய்க்குச் சைக்கிள் ஓடிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஒருநாள் நான் சைக்கிளை உருட்டியபடி, சீலையெல்லாம் புழுதியாக, படலையைத் திறந்துகொண்டு வந்தேன். அண்ணை கிணற்றடியில் நின்றார்.

"காத்துப் போனதோ?" என்று கேட்டார்.

"இல்லை. எதிர்க்காத்து. மிதிக்க ஏலேல்லை."

அடுத்த நாள் நான் எழும்பி வந்தபோது முற்றத்தில் இரண்டு சைக்கிள்களும் தலைகீழாக நின்றன. இரண்டின் பின்சில்லுகளும் கழற்றப்பட்டிருந்தன.

தன் கியர்ச் சில்லை என் சைக்கிளுக்கு மாற்றுவது இலகுவாக முடிந்தது. கம்பிதான் அவரை நாட்கணக்கில் வேலை வாங்கியது. ஆண்கள் சைக்கிளில் கம்பிக்கு நேரான பாதை இருக்கிறது. என் சைக்கிளில் மேல்பாரே இல்லை, சரிந்து இறங்கும் இரண்டு குழாய்கள்தான். அதனால் கம்பியைக் கீழ்நோக்கி ஓடவிட்டு, மிதிக்கு மேலே கப்பியைப் பூட்டி, அங்கிருந்து சில்லுக்குத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியபோது கம்பி நீளமாய்ப் போயிற்று. வெட்டவும் முடியாது, நுனியில் உருக்கி வைத்த ஈயக்குண்டு போய்விட்டால் கம்பி உதவாது. யுத்த காலத்தில் வேறு கம்பி யாழ்ப்பாணக் கடைகளில் கிடையாது. கம்பியின் உறை முடிகிற இடத்தை ஒரு கிளிப்பு குழாயோடு இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கிளிப்பை மேலே நகர்த்தியும் கப்பியைக் கீழே இறக்கியும் அவர் நீளத்தைச் சரிக்கட்டினார். என் சீலைக் கரை கம்பியில் சிக்கும் என்று நான் சொன்னதும் எல்லாவற்றையும் கழற்றி, குழாயின் மறுபக்கத்தில் பூட்டினார். அந்த நாட்களில் அவர் மலாயாவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் செய்தி வந்த நாள் முதல் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனவர், இப்போது மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கியர் நன்றாகவே ஓடியது. முதல் இரண்டு வாரம் காற்றை நான் பொருட்படுத்தவே இல்லை. பிறகு ஒரு பகல், கைதடிப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோக்கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, அவசரமாகப் புறப்பட்டேன். அந்த வெட்டவெளியில் பாதித் தூரம் போனபோது பக்கக்காற்று பலமாக அடித்தது. எழும்பி நின்று மிதித்தேன். மிதி திடீரென்று வெறுமையாகச் சுழன்றது, செயின் அறுந்தது போல. நான் ஹாண்டிலுக்கு மேலால் தெருவில் விழுந்தேன். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்தது. பையிலிருந்த மருந்துப் போத்தல் ஒன்று உடைந்தது. மிச்சத் தூரத்தை நொண்டி நொண்டி நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. அயல்வீட்டுப் பெண் ஒருத்தி அதைத் துணியில் ஏந்திக்கொண்டு, தொப்புள்கொடியை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

"உந்தக் கியரைக் கழட்டிவிடுங்கோ அண்ணை. எனக்கு வேண்டாம்," என்றேன்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுடுதண்ணியும் துணியும் கொண்டுவந்து வைத்தார். நான் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"விழேக்கை எந்தக் கியரிலை நிண்டது?"

"நடுக் கியர்."

"எழும்பி நிண்டோ மிதிச்சனி?"

"ஓம்."

சைக்கிளைத் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கிளிப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விரலகலத்துக்குக் கறுப்பு மைப்பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. என் சைக்கிள் குழாய் அவருடையதைவிட மெலிது. ஆகவே கிளிப்பு இறுகப் பிடிக்கவில்லை. விசையைத் தட்டும்போதெல்லாம் அது மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, கம்பியைத் தளரவிட்டிருக்கிறது. கம்பி தளர்ந்தால் சில்லு இரண்டு கியர்களுக்கு நடுவில், எதிலும் பிடிக்காமல் நின்றுவிடும்.

"நான் இதைப் பாத்திருக்க வேணும்," என்றார். கிளிப்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பழைய ரியூப் துண்டொன்றைக் குழாயில் சுற்றி அதன்மேல் கிளிப்பை இறுக்கினார். றப்பர் நசிந்து கொடுத்து, கிளிப்பு மறுபடி நகர்ந்தது. பிறகு பிஸ்கற் பேணியிலிருந்து தகரம் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, சுற்றி இறுக்கினார். கையால் தள்ளிப் பார்த்தோம். நகரவில்லை. நான் ஓடிப் பார்க்கச் சைக்கிளைப் பிடித்தேன்.

"நில். முதல் நான் ஓடுறன்."

"உங்களுக்கு மூச்சு ஏலாது அண்ணை."

"உனக்கு முழங்கால் ஏலாது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் சைக்கிளில் ஏறித் தெருவுக்குப் போனார். நான் பின்னால் நடந்தேன். சந்திக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "என்ன, தங்கச்சியின்ரை சைக்கிளிலையோ பயணம்?" என்று கேட்டார்.

"ஓம், கியர் சரியோ எண்டு பாக்கிறன்," என்றார் அண்ணை, சந்தைக்குப் போகிறேன் என்பதைப் போல. கடைக்கு முன்னால் எழும்பி நின்று மிதித்தார். விசையைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு கியரிலும் அப்படியே மிதித்தார். மிதி ஒருமுறையும் நழுவவில்லை.

திரும்பி வந்து மதிலோரம் குந்திவிட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் முதுகைத் தடவிவிட்டேன். மூச்சு வந்ததும் தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"சின்னவளுக்குச் சைக்கிள் பழக்கத் தொடங்கினனான். பிறேக் பிடிக்க இன்னும் வடிவாய்த் தெரியாது."

மலாயாவில் இருக்கும் இளைய மகளைத்தான் சொன்னார்.

"இப்ப பழகியிருப்பாள்," என்றேன்.

"ஓம். பழகியிருப்பாள்."

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றி அவர் அடிக்கடி கதைத்தார். ஒருவருடைய பயத்தை அடுத்தவர் தீர்க்க முடியாது என்பது எனக்குத் தொழிலிலேயே தெரியும். நோக்காட்டில் கிடப்பவளுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். அந்த வருஷங்களில் நான் அண்ணைக்குச் செய்ததும் அவ்வளவுதான். அவர் கதைப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அவர் மலாயாவுக்குப் போனார். மனைவியும் பிள்ளைகளும் உயிரோடிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளியிருக்கிறார்கள். வாசலில் நின்றவரைச் சின்னவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம். யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, தாயைக் கூப்பிட உள்ளே ஓடினாளாம்.