விளக்குப் பக்கத்தில் இருந்த தொப்பி

மலையூரான வெள்ளக்கடையில் எனக்கு அடுத்த வீடு கௌரியுடையது. கரடியூரில் பிறந்து, ஐயாக்கண்ணு அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்தால் கைகால் கழுவாமல் தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவளுடைய சாமி அலமாரியில், எங்கள் மலைச்சாமி சேர்வராயன் படத்துக்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாய் ஒரு தொப்பி இருந்தது. நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

விசிறி மாதிரி மடித்து விரிக்கிற ஓலை வெயில் தொப்பி. "எங்கப்பனுக்கு வெள்ளக்காரத் தொரை தன் தலையில இருந்து கழட்டிக் குடுத்தது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார் கௌரியின் மாமனார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் கௌரி அதற்கு விளக்கெண்ணெய் தடவி, சந்தனம் வைத்து, சாம்பிராணி காட்டவேண்டும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. எண்ணெயும் புகையும் ஏறி ஏறிக் கருப்புப் பிசினாகிவிட்டது. மடிப்புக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியது. கிட்டப் போனால் செத்த எலி வாடை. சாமிக்கு முன்னால் மூக்கைப் பொத்தக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு கும்பிடுவாள், பாவம்.

இந்த வருஷம் சேர்வராயன் நோம்பிக்குப் பொங்கல் வைத்துப் படைத்தாள். சூடம் காட்டும்போது தொப்பியிலிருந்து ஒரு கரப்பான் வழுக்கிப் பொங்கலுக்குள் விழுந்தது. நெய்யில் கிடந்து காலை உதறியது. கௌரி கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அண்ணனிடம் சொன்னாள்: "ஏனுங்க, இனி இது சாமிகிட்ட இருக்கக்கூடாதுங்க."

"பாட்டன் சொத்து புள்ள. தொரை காலத்துது."

"தொரை காலத்துதுன்னு நீங்க கண்டீங்களா?"

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெரிஞ்சவங்கள உட்டுப் பாக்கச் சொல்லு. தொரை காலத்துதுன்னா அங்கயேதான் இருக்கும். இல்லீன்னா எடுத்துரலாம்."

நான் வேலை பார்க்கிற விடுதியில் அப்போது காயத்ரி என்று ஒரு பெண் தங்கியிருந்தது. பழைய உடுப்புகளைச் சேகரிக்கிற பெண். கேட்டதும் என்னோடு வந்தது.

தொப்பியை விரித்ததும் முகத்தைச் சுளித்தது. "பார்த்தா நூறு வருஷம்னு தோணுது" என்றது. அண்ணன் மீசையைத் தடவினார். கௌரி முகம் செத்துப்போயிற்று.

பிறகு அந்தப் பெண் கரண்டிக் காம்பால் ஓரத்தைச் சுரண்டியது. மெழுகு மாதிரி அழுக்கு சுருண்டு வந்தது. அடியில் பளிச்சென்று மஞ்சள். "இந்தக் கருப்பு வயசு இல்லைங்க. எண்ணெய்."

தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டியது. "பருத்தின்னா சாம்பலா உதிரணும்." நூல் சுருங்கி, உருகி, மணியாய்த் திரண்டது. பிளாஸ்டிக் பை எரிகிற நாற்றம் சாமி அலமாரி முழுக்க.

"அது பின்னால தெச்ச நூலா இருக்கும்" என்றார் அண்ணன்.

அந்தப் பெண் தொப்பி ஓலையிலேயே ஒரு கீற்றைக் கிள்ளித் தீயில் காட்டியது. அதுவும் உருகி ஒழுகியது.

"ஓலையும் பிளாஸ்டிக்தாங்க. மிஞ்சிப்போனா நாப்பது வருஷம். உங்க பாட்டன் எப்போ தவறினாரு?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலயே." அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

"ஏரிக்கரைக் கடையில தொங்குதே, அதுக்கு அக்காளுங்க இது" என்றாள் கௌரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் எதன் முன்னால் விழுந்து கும்பிட்டோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

அந்தப் பெண் போனதும், அண்ணன் தொப்பியை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"எடுத்துரலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"அது அப்பச் சொன்னது. கும்புட்ட பொருள எடுத்தா தெய்வக் குத்தம். எங்கப்பன் பொய் சொல்லமாட்டாரு." சொல்லிக்கொண்டே அந்தப் பிசுக்குக் கையை வேட்டியில் துடைத்து, அதே கையால் திருநீற்றை எடுத்துப் பூசினார். அழுக்கைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கௌரி சேர்வராயன் படத்தையும் விளக்கையும் எடுத்தாள். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். அடுப்படி மூலையில் மெழுகிக் கோலம் போட்டு, மணையில் வைத்து ஏற்றினாள்.

"அங்க உங்கப்பன் இருக்கட்டுமுங்க. சாமி என்னோட வந்துருச்சு. இனிமேப்பட்டு அதுக்கு எண்ணெய் தடவறது உங்க வேலை."

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் முதல்முறையாகத் தன் கையால் எண்ணெய் தடவப் போனார். மடிப்பை விரித்ததும் கரப்பான்கள் அவர் கையில் ஏறின. தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து காறித் துப்பினார். மறுநாள் அலமாரி காலியாக இருந்தது. எங்கே போட்டார் என்று கௌரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.