வாய் திறக்கிற கப்பலின் உள்நிறம்

நாவற்குடாவில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. மேசையில் ஒன்றரை அடி நீளமான தரையிறங்கு கலம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தகடு வெட்டி நானே செய்தது. யுத்த காலத்தில் கரையில் வந்து முட்டி, முன்பக்கக் கதவைச் சாய்த்து ஆட்களையும் வாகனங்களையும் இறக்கிய வகை. அம்மா அதை வாய் திறக்கிற கப்பல் என்றுதான் சொல்லுவார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடற்கரைப் பக்கம் இருந்தோம். ஊர் இடம்பெயர்ந்த நாளில் அப்படிப்பட்ட ஒன்றில்தான் எங்களை ஏற்றிப் போனார்களாம். ஒரு பகல் முழுக்க நின்றபடி. "அதுக்குள்ள நீ ஒருக்காக்கூட அழல்ல மனே" என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அதன் நிறம் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியபோது அம்மா இல்லை. அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர் அல்ல.

கிழமை நாட்களில் ஓர் அலுவலகத்தில் காணிப்படம் வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தகடு வெட்டுவேன், உரசுவேன், ஒட்டுவேன். திங்கள் காலை அலுவலகக் காவலாளிக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கரகரத்து வரும். முதல் நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

வெளிப்புற நிறத்தில் சிக்கல் இல்லை. பழைய படங்கள் கிடைத்தன. உண்மையான வர்ணத்தை அப்படியே பூசினால் சிறிய பொருளில் அது இருண்டு தெரியும் என்பதால் சாம்பலில் சற்று வெள்ளை கலந்தேன். கலந்த வர்ணத்தைச் சின்னப் போத்தலில் ஊற்றி, எத்தனை துளி எதில் என்பதையும், எதைப் பார்த்துக் கலந்தேன் என்பதையும் கடதாசித் துண்டில் எழுதி ஒட்டுவது என் வழக்கம். உட்புறத்துக்குத்தான் படமே இல்லை. உள்ளே நின்றவர்களின் கையில் கமெரா இருந்திருக்காது.

காத்தான்குடியில் ஒரு வர்ணக் கடைக்குப் போய்ச் சாம்பல் வகைகளின் அட்டைகள் கேட்டேன்.

"கேற்றுக்கா மனே, யன்னலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு கப்பலுக்கு நானா."

"அல்லாஹ். எத்தின அடி?"

"ஒன்றரை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்றரை அடிக் கப்பல்ல ஆரு போற, நுளம்பா?" என்றவர், உள்ளே போய் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து தந்தார். "வெச்சுக்கங்க. நுளம்புக்கு எந்தக் கலர் புடிக்கும் எண்டு மறுகா வந்து சொல்லுங்க."

அந்த வாரம்தான் அப்பா பழுகாமத்திலிருந்து கண் ஒப்பறேசனுக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. முதலில் வலது கண், நாலு மாதம் கழித்து இடது. ஆஸ்பத்திரிப் படிவத்தை நான் நிரப்ப, அப்பா பெருவிரலை ஊன்றினார். "எழுத்து வாசிக்காத கண்ணுக்கு ஒப்பறேசன் என்னத்துக்கு? வலையில ஓட்டை தெரிஞ்சாக் காணுமே எனக்கு" என்று தாதியிடம் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

ஒப்பறேசனுக்கு மூன்று நாள் இருந்தது. அறைக்கு வந்ததும் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். கதவை விரலால் சாய்த்தார், நிமிர்த்தினார்.

"இதுக்கா உன்னப் படிக்க வெச்ச?"

பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "இதுக்குள்ளதான் நாங்க வந்த" என்றார்.

"உள்ளுக்க என்ன நிறம் அப்பா?"

அவர் கதவை மறுபடி சாய்த்து உள்ளே பார்த்தார். "உன்ட அம்மா சுவரோட சாய்ஞ்சு நிண்ட. இறங்கினாப் பிறகு பார்த்தா சீலை முதுகெல்லாம் சுவர்ப் பெயின்ற் மாப்போல பிடிச்சிருந்த. சாம்பல்தான். நீலம் ஓடின சாம்பல். எத்தின தரம் தோய்ச்சும் போகல்ல."

காலை வெளிச்சத்தில் யன்னலோரம் அட்டைகளை அடுக்கினேன். ஒவ்வொன்றையும் கண்ணருகே பிடித்து, கையை நீட்டிப் பிடித்து, "இல்ல" என்று திருப்பித் தந்தார். ஏழாவதோ எட்டாவதோ அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "இதுதான்."

அன்றும் மறுநாளும் அவர் கட்டிலில் இருக்க நான் பூசினேன். கீழ்ப்பக்கம் இரும்பில் கறள் பிடித்திருந்தது என்றார். வைத்தேன். இடதுபக்கம் ஒரு கயிற்று வளையம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்றார். கம்பி வளைத்து வைத்தேன். அந்த அறையில் இரண்டு நாள் தொடர்ந்து பேச்சுச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒப்பறேசன் முடிந்து வலது கண் கட்டு அவிழ்த்ததும் அறைக்குக் கூட்டிவந்தேன். சுவரைச் சுற்றிப் பார்த்தார். "இது வெள்ளையா? மஞ்சள் எண்டெல்லோ இருந்தன்." பிறகு மேசையைப் பார்த்தார்.

"இது ஆருட கப்பல்?"

"நீங்க சொன்ன நிறம்தான் அப்பா."

"இது இல்ல மனே. இது பள்ளிக்கூட யன்னல் நீலம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி மாதிரி. அதனூடாக நீலம் மங்கித் தெரியும். அந்த மங்கலை ஈடுசெய்யும் அளவுக்கு நீலமான அட்டையைத்தான் அவர் எடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன ஒரே ஆள் நான். அளக்கும் நாடாவைச் சரிபார்க்காமல் காணி அளக்கக்கூடாது என்று அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நானே. ஒப்பறேசன் முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

அட்டைகளை மறுபடி அடுக்கினேன். புதுக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தார். எதுவும் இல்லை என்றார். பிறகு அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கலத்தின் உள்ளே குனிந்தார். அப்படியே நின்றார்.

"இந்தக் கண்ணால பார்த்தா அதுதான். அம்மா நிண்ட இடம்கூடத் தெரியுது."

கையை எடுத்தார். "இதால பார்த்தா இல்ல."

"மற்றக் கண்ணும் செய்தாப் பிறகு?"

"மறுகா எனக்கென்ன தெரியும். பஸ் எத்தின மணிக்கு?"

பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு யன்னலோரம் அமர்ந்து, வெளியே ஒவ்வொன்றின் நிறத்தையும் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

கலத்தை நான் மாற்றிப் பூசவில்லை. இணையத்தில் மாதிரிக் கப்பல் செய்கிறவர்களின் குழுவில் படம் போடலாம் என்று இருந்தேன், அதையும் விட்டுவிட்டேன். உள்நிறம் பிழை என்று அங்கே முதல் ஆளே சொல்லுவான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும்.

மிச்ச வர்ணம் இருந்த போத்தலில் துண்டு ஒட்டினேன். துளிக் கணக்கை எழுதிவிட்டு, எதைப் பார்த்துக் கலந்தது என்ற இடத்தில் எழுதினேன்: அப்பாவின் இடது கண், ஒப்பறேசனுக்கு முன்.

அந்தக் கண்ணின் ஒப்பறேசனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கலத்தை வைக்க அளவான ஒரு பெட்டி தேடுகிறேன், பஸ்ஸில் மடியில் வைத்துப் பழுகாமத்துக்குக் கொண்டுபோக. கலத்துக்குள் வலது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.