நெவில் வீட்டு மூணு பர்னர் அடுப்பு

லெஸ் ட்ரெவினைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. முர்ரே ஆற்றோரம், கோதுமைக் குதிர்கள் வரிசையாக நிற்கிற சின்ன ஊர். லெஸ் முப்பது வருஷம் இறைச்சிக்கூடத்தில் எலும்பு பிரித்தவன். இடது கையில் இரண்டு விரல் அங்கேயே போயிற்று. முதுகும் போனபிறகு வேலையை விட்டான். அதிலிருந்து பழைய கேஸ் பார்பெக்யூ அடுப்புகள்தான் அவனுக்கு எல்லாம்.

வேண்டாத சாமானைத் தெருவோரம் எடுத்துவைக்கச் சொல்லி முனிசிபாலிட்டி வருஷத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கும். அந்த வாரம் லெஸ் தன் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். துருப்பிடித்தது, கொழுப்பு உறைந்தது, எலி குட்டி போட்டது, எல்லாவற்றையும் ஏற்றி வந்து ஷெட்டில் இறக்குவான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பான். இரும்புத் தட்டைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தைக் கல்லுப்பில் தொட்டு உரசி, கன்னங்கரேலென்று ஆக்குவான். பிறகு கேட்டவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவான். பேச்சு கம்மி. முரடன். ஆனால் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு பொய்தான் சொன்னான், அதுவும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நெவில் ஹாடோ எங்கள் இருவருக்கும் கூட்டாளி. போன வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டின் பின்பக்கம் பத்துப் பேருக்கு சாசேஜ் வாட்ட அடுப்பைப் பற்றவைத்தான். நாங்கள் பீரும் கையுமாகச் சுற்றி நின்றோம். முதல் பர்னர் பிடித்தது. மற்ற இரண்டையும் திருகினான். அடியிலிருந்து குபீரென்று ஒரு நெருப்பு அவன் முகம்வரை எழும்பி அடங்கியது. புருவம் கருகிப்போயிற்று.

"ஒண்ணுமில்லப்பா," என்றான். சொல்லிவிட்டு மெல்லப் புல்லில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார்.

லெஸ் அதை நம்பவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் அந்த அடுப்புக்குப் புது ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்திருந்தான். தன் கைவேலைதான் கூட்டாளியைக் கொன்றதா என்கிற கேள்வி பதினாலு மாசம் அவனைத் தின்றது. அடுப்பைப் போய்ப் பார்க்கவும் பயம். நெவில் வீட்டுத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான்.

மார்ச் மாசம் நெவிலின் மனைவி க்ளெனிஸ் அவன் ஷெட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"லெஸ், அந்த அடுப்பு தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு சீறுது," என்றாள்.

"சிலிண்டர் மாட்டியிருக்கா?"

"ஆம்புலன்ஸ்காரங்க அன்னிக்கே கழட்டி உள்ள வெச்சுட்டாங்க. துணி தொவைக்கிற ரூம்லதான் கெடக்கு."

பாம்பாக இருக்கும் என்றேன் நான்.

"பாம்பு மணி பாத்தா சீறும்?" என்று என் வாயை அடைத்தாள். பிறகு அவனிடம், ஒன்று சரிபண்ணு, இல்லை குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போடு, அதோடு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு ட்ரெய்லரோடு போனோம். அடுப்பின்மேல் போட்டிருந்த உறையை லெஸ் இழுத்தான். ஒரு வருஷத்துக்குமேல் மூடிக்கிடந்த சாமான். பூஞ்சை நாற்றம் வரவேண்டும். வந்தது வெங்காயம் வதங்குகிற வாசனை. பக்கத்து வீட்டைப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, வாசலில் கார் இல்லை. தட்டில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து வெயிலே இல்லாத நாள். லெஸ்ஸும் தொட்டுப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்தான்.

முதலில் தன் வேலையைத்தான் சோதித்தான். சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டி, புது இணைப்பின்மேல் சோப்புத் தண்ணீரைப் பூசி, மண்டியிட்டு உற்றுப் பார்த்தான். கசிந்தால் குமிழி வரும். வரவில்லை. மறுபடி பூசினான். அப்போதும் வரவில்லை.

"மாப்ளே, உன் வேலை சுத்தம். விடு," என்றேன்.

அவன் விடவில்லை. பர்னர்களைக் கழற்றினான். ஒவ்வொரு பர்னருக்கும் கேஸ் போகிற இரும்புக் குழாய் ஒன்று உண்டு. கேஸ் வாடை பிடித்துப்போய்ச் சிலந்தி அதற்குள் கூடு கட்டும். கூடு அடைத்தால் கேஸ் பர்னருக்குப் போகாமல் வழிந்து அடியில் தேங்கும். இரண்டு குழாயின் ஆழத்தில் பஞ்சு திணித்தமாதிரி கூடு. முதல் பர்னரின் குழாய் மட்டும் பிரஷ் விட்டுத் தேய்த்ததுபோல் பளபளத்தது.

லெஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கு டிவில கிரிக்கெட்டு. ரப்பர் குழாய மாட்டிட்டு ஓடிட்டேன். உள்ள கூடு இருக்கான்னு பாத்தியான்னு நெவில் கேட்டான். பாத்துட்டேன்னு சொன்னேன்."

சமையலறைக் கதவில் க்ளெனிஸ் டீயோடு நின்றிருந்தாள்.

"நீ பாக்கலன்னு அவனுக்குத் தெரியும்," என்றாள். "ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தான்."

"பின்ன ஏன் பொய் சொல்றியான்னு என்னைக் கேக்கல?"

"உன்னைப் பாத்துப் பொய்யான்னு கேப்பானா? நெவிலா? சனிக்கிழமை அவனே பிரஷ்ஷ எடுத்தான். ஒரு குழாய் முடிச்சான். அதுக்குள்ள நீங்க பீர்ப்பெட்டியோட வந்து நின்னுட்டீங்க. உன் முன்னாடி கழட்டிப் போட்டிருந்தா உனக்கு அசிங்கமாயிடும்னு அவசர அவசரமா மாட்டிட்டான்."

லெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை மாசமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீயா வருவேன்னு இருந்தேன்," என்றாள்.

அவன் எழுந்தான். இரண்டு குழாயையும் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் மாட்டி, பற்றவைத்தான். மூன்று பர்னரும் நீலமாகச் சீராக எரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சிலிண்டரை மூடினான். இரண்டு அணைந்தன. நெவில் தேய்த்த முதல் பர்னர் எரிந்துகொண்டே இருந்தது. அதன் குமிழையும் திருப்பி மூடினான். எரிந்தது. ரப்பர் குழாயைச் சிலிண்டரிலிருந்தே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். விரல் உயரத்துக்கு நீலமாக, மெல்லச் சீறிக்கொண்டு எரிந்தது. மணி ஐந்து.

ராத்திரி பகலென்று பார்க்காமல் பாலைவன ரோட்டில் தனியாக லாரி ஓட்டினவன் நான். அப்படியிருந்தும் வேலிவரை பின்னால் போய்விட்டேன்.

"நெவில்," என்றான் லெஸ், அடுப்பைப் பார்த்து. "நான் பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன்."

தீ அசையவில்லை, அணையவும் இல்லை. க்ளெனிஸ் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அடுப்பின் எதிரில் போட்டாள். லெஸ் உட்கார்ந்தான். நான் வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் காலையிலும் அவன் ட்ரெய்லர் அவள் வாசலிலேயே நின்றது.

க்ளெனிஸ் வீட்டை விட்டுப் போகவில்லை. லெஸ் இப்போது தினமும் சாயங்காலம் அங்கே போகிறான். போனவாரம் ஷெட்டில் அவன் ஏதோ ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தீ எப்போது அணைந்தது என்று கேட்டேன்.

தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னான்: "அணைஞ்சுதுன்னு யாரு சொன்னா?"