குணேஸ்வரி தூக்கிய ஓடு

குணேஸ்வரிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கொலோனில் அவர் துப்புரவு வேலை செய்த கட்டடத்தை மூடிவிட்டார்கள். 2005 வசந்தத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஓர் அகழ்வாய்வுக்கு அனுப்பியது. மண் கிளறும் வேலை, ஆறு மாதம்.

நகரத்துக்கு வடக்கே, ரைன் ஆற்றங்கரை வயலுக்கு அடியில் ரோமர்களின் குதிரைப்படைக் கோட்டை ஒன்று புதைந்து கிடந்தது. தாங்கள் பிடித்த நாடுகளிலேயே ஆள் சேர்த்து ரோமர்கள் நிறுத்திய துணைப்படையின் கோட்டை அது என்று, பொறுப்பாளரான மக்டலீன் முதல் நாளே விளங்கப்படுத்தினார். சுற்றிலும் அகழிகள், காட்டுக்குள் பயிற்சி முகாம்களின் மண்மேடுகள், ஆற்றோரமாகப் படை நடந்த வீதி. குணேஸ்வரிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இராணுவ முகாம்களைப் பார்த்து வாழ்ந்ததால், முகாம் என்றாலே சுற்றிப் போகிறவர் அவர். ஆனால் கை நிதானமானது. இரண்டாம் மாதமே தூரிகையைக் கொடுத்துப் படைவீரர் தங்கிய அறைகளுக்குள் இறக்கினார்கள். அளந்து வரைபடம் போடவும் பழகிக்கொண்டார்.

ஜூன் மாதம் ஒரு காலை. ஓர் அறையின் மூலையில், அடுப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், வளைந்த கூரை ஓடு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மக்டலீன் படம் எடுத்து முடித்ததும் குணேஸ்வரி அதைத் தூக்கினார். கீழே மெல்லிய எலும்புகள். கோழி என்றுதான் நினைத்தார். தூரிகையை ஒருமுறை ஓட்டியதும் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய மண்டையோடு தெரிந்தது.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மக்டலீன் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி வந்தார். படைவீரர் மணம் முடிக்கச் சட்டம் விடவில்லை, ஆனாலும் அவர்களோடு பெண்கள் வாழ்ந்தார்கள், பிறந்ததும் இறந்த பிள்ளைகளை இப்படித் தரைக்குள் புதைப்பதுண்டு என்று மெதுவாகச் சொன்னார். குணேஸ்வரியின் காதில் எதுவும் ஏறவில்லை. பத்து வருடமாக யாருக்கும் சொல்லாததைத் தெரிந்த ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார்.

1995 ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவர் நிறைமாதம். கணவர் கனகலிங்கம் சில மாதங்களுக்கு முன்னமே ஜெர்மனிக்கு வந்திருந்தார். சனநெரிசலில் நடந்தவருக்கு வழியில், ஒரு மதகடியில், பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அழவே இல்லை. பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கையால் மண்ணைத் தோண்டி மூடிவிட்டு நடந்தார். கணவருக்கு, பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தது, உறவினர்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள் என்று எழுதினார்.

அன்று பின்னேரம் கனகலிங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரி எண்டு நான் எழுதினது பொய். ரோட்டுக்கரையில நான்தான் தாட்டனான்.”

கனகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கத்துவார் என்று குணேஸ்வரி காத்திருந்தார்.

“இடம் தெரியுமோ உமக்கு?” என்றுதான் கேட்டார்.

“ஓம்.”

வேலைத்தலத்தில் பழகியபடி ஒரு தாளில் மதகையும் வீதியையும் வரைந்து, இடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

அடுத்த சித்திரையில், சண்டை திரும்பி யாழ்ப்பாணப் பாதை மூடப்படுமுன், இருவரும் ஊருக்குப் போனார்கள். மதகு இருந்தது. அதற்கு அப்பால் இராணுவ முகாமின் முள்ளுக்கம்பி, மண்மூட்டைகள், காவலரண். தாளில் இருந்த புள்ளி கம்பிக்கு உள்ளே. துவக்கோடு வந்த சிப்பாய் அங்கே நிற்கக்கூடாது என்றான். கொழும்புக் கடையில் வேலை செய்த காலத்துச் சிங்களத்தில் கனகலிங்கம், தங்கள் பிள்ளை இந்த மண்ணுக்குள் கிடக்கிறது என்றார். சிப்பாய் தன் சப்பாத்துக்கடியில் இருந்த நிலத்தைப் பார்த்தான். உள்ளே விடவில்லை. விரட்டவும் இல்லை. பஸ் வரும்வரை இருவரும் கம்பியோரமாக நின்றார்கள்.

பிறகு மக்டலீன் பரிந்துரைத்து எழுதிக் கொடுத்து, அகழ்வாய்வில் குணேஸ்வரிக்கு நிரந்தர வேலை கிடைத்தது. குழந்தை எலும்பு தென்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மறுக்காமல் போவார். ஒவ்வொரு முறையும் முதலில் இடத்தை அளந்து தாளில் புள்ளி வைப்பார். அதன் பிறகே தூரிகையை எடுப்பார்.