பத்து நிமிடப் பொறாமை

ஒரு தகரப் பெட்டி இன்னொருவன் பேச்சைக் கேட்கிறது என்பதற்காக நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அலமாரி நிறையப் புத்தகம் வாசித்தவன். ஒரு புத்தகமும் தடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையம்பட்டி தாண்டி ஒரு நூற்பு மில்லில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ், குடோன், எடை மேடை என்று சிதறிக் கிடந்த எட்டு கம்ப்யூட்டர்களை வயர் வழியாகப் பேசவைக்க ஸ்விட்ச் என்றொரு தகரப் பெட்டி இருந்தது. எந்த வயரில் எப்போது பேச்சு நின்றது என்று நேரத்தோடு குறித்தும் வைக்கும். கரண்டு போய் வந்தால் மட்டும் தேதியையும் நேரத்தையும் மறந்து, சில வருடம் பின்னால் போய் நிற்கும். எங்கள் பக்கம் கரண்டு போகாத நாள் ஏது? ஒவ்வொரு முறையும் என் வாட்ச்சைப் பார்த்து நேரத்தைத் தட்டிவிடுவேன். நடை திறக்கிற பூசாரி மாதிரி ஒரு கெத்து.

பிறகு என் செக்சனுக்கே பரளச்சிக்காரன் ஒருவன் வந்தான், பக்கத்துக் கிராமத்துப் பையன். மெட்ராஸ்காரனாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். வந்த மூன்றாம் நாள் ரேடியோவில் சொல்லும் நேரத்தைச் சர்வர் கம்ப்யூட்டரில் வைத்து, ஸ்விட்சில் நாலு வரி தட்டினான். அன்று முதல் அது தானாகவே சர்வரைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொண்டது. மற்ற கம்ப்யூட்டர்களும் காலையில் ஆன் செய்யும்போது அதே நேரத்தை எடுத்துக்கொண்டன.

“ஏண்ணே, இத்தன நாளா இதக் கையாலயா செஞ்சீக?” என்றான். கிண்டல் இல்லை, உண்மையான இரக்கம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சமயம் எடை மேடைக் கம்ப்யூட்டர் தினமும் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. மானேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “காரணத்த யாரு கண்டுபிடிக்கிறீகளோ, இனி செக்சனுக்கு அவுகதான் பொறுப்பு.”

ஸ்விட்சின் குறிப்பில் காலை 5.50, மதியம் 1.50, இரவு 9.50 என்று இருந்தது.

“ஒண்ணு அம்பதுக்கு மில்லுல என்னண்ணே நடக்கும்?”

“ஒண்ணும் நடக்காது. ஒன் சர்வர் நேரந்தான் தப்பு.”

அப்படித்தான் நம்பினேன். எங்கள் மில் கேட் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். ஷிப்ட் சங்கு அதைப் பார்த்துத்தான் ஊதும். டவுன் பஸ்ஸில் இறங்கி டீக்கடையில் தேங்குகிறவர்களை உள்ளே இழுக்க எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. பன்னிரண்டு வருடமாகச் சங்கைக் கேட்டே வாட்ச் வைத்த எனக்கு, அது ஏற்பாடு என்பதே மறந்துபோய், உலகமே தாமதமாக ஓடுவதாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் சர்வரில் பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். திருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மானேஜர் முன்னால் அவன் முழிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

மறுநாள் சாயங்காலம் குறிப்பை எடுத்தான். காலை 6.00. மதியம் 2.00. ஷிப்ட் மாறுகிற நேரங்கள். லேசாகச் சிரித்தான்.

“சரிதான். சங்குதான்ணே.”

சங்கு மோட்டாருக்குப் போன லைனிலேயே எடை மேடைக் கம்ப்யூட்டரையும் யாரோ மாட்டியிருந்தார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் கரண்டு இறங்கி அது மூர்ச்சையாகிவிடும். அவன் வேறு லைனுக்கு மாற்றினான். தொல்லை தீர்ந்தது. செக்சன் பொறுப்பும் அதற்கான சுழல் நாற்காலியும் அவனுக்குப் போயின.

ஆறு மாதம் அந்த நாற்காலியின் கிரீச் சத்தத்தை எதிரில் உட்கார்ந்து கேட்டேன். ஒரே ஆறுதல்தான் இருந்தது: நேரத்தை நான் மாற்றாவிட்டால் அவனுக்குச் சங்கு எங்கே தெரிந்திருக்கும்? நாற்காலியில் பாதி என்னுடையது. ஒருநாள் டீ குடிக்கும்போது பெருந்தன்மையாக அதை அவனிடம் சொல்லியும் விட்டேன்.

அவன் டீயை ஆற்றினான். “தெரியும்ணே. ஆனா சங்கு ஊதுனா எடை மேடையில லைட்டு மங்குதுன்னு நான் குறிப்ப எடுக்கிறதுக்கு முந்துன நாளே கேட் வாட்ச்மேன் சொல்லிட்டாக. நீங்க மாத்துன நேரத்த எட்டு கம்ப்யூட்டர்லயும் திருப்பி வைக்கத்தான் எனக்கு அரை நாளு போச்சு.”