பதினேழாம் எண்ணுக்கு இரண்டு பேர்

என் அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும், பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அன்றிலிருந்து என்னைப் படிக்க வைத்தது அவள் கை. எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசியது அவள் வாய்.

பன்னிரண்டாவது முடித்ததும் நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன். வசதியில்லாத பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கன்னியர் மடம் ஒன்று நிதி வைத்திருந்தது. விண்ணப்பித்தேன். நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அன்று காலை அக்கா என் உடுப்பை மூன்று தடவை தேய்த்தாள். மூன்றாவது தடவை அதற்குள் நானும் இருந்தேன்.

மடத்து வராந்தாவில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். என் எண் பதினேழு. பதினைந்தாவது ஆள் உள்ளே போனதுமே எண் சீட்டை அக்காவிடம் திணித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். தாழ்ப்பாள் சுலபமாக விழுந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது.

"பதினேழு!" என்று குரல் வந்தபோது நான் உள்ளே தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி இதோ வந்துவிடுவாள் என்று சொல்லத்தான் அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்தாளாம். மேசைக்குப் பின்னால் மடத்துத் தலைவியான மதரும் வயதான ஃபாதர் ஒருவரும் இருந்தார்கள்.

"வாம்மா, உட்காரு" என்றார் மதர்.

வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அக்கா உட்கார்ந்துவிட்டாள். விண்ணப்பத்தில் இருந்த படம் மங்கல். எங்களில் யாருடையது என்றாலும் நம்பலாம்.

"வேலைக்கு எதுவும் போறியா?"

"எட்டு வருஷமா இஸ்திரி போடுறேன், மதர்."

ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! ஒரு மணி நேரத்துல எத்தனை சட்டை தேய்ப்பே?"

"அரைக்கைன்னா இருபது, முழுக்கைன்னா பதினாறு. உங்க அங்கி மாதிரின்னா மூணுதான், ஃபாதர்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க அங்கியை யாரோ உள்பக்கம் திருப்பாமலே தேய்ச்சிருக்காங்க. கறுப்புத் துணியில பளபளன்னு தடம் விழுந்திருக்கு, பாருங்க."

ஃபாதர் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் தேய்ச்சேன்" என்றார் சன்னமாக.

மதர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மேல படிக்க ஆசை இருக்கா?"

"ஆசைக்கென்ன மதர், மலையளவு இருக்கு! அவ புஸ்தகத்துக்கு அட்டை போடும்போதே பத்துப் பக்கம் படிச்சிடுவேன். உடம்புல எலும்பு எத்தனைன்னு கேளுங்க. இருநூத்தி ஆறு!"

"யாரு புஸ்தகத்துக்கு?"

"என் தங்கச்சி புஸ்தகத்துக்குத்தான். நீங்க கூப்பிட்ட பதினேழு அவதானே?"

கதவு திறந்தது. தலை கலைந்து, உடுப்பெல்லாம் கசங்கி, கழன்ற தாழ்ப்பாளைக் கையில் பிடித்தபடி நான் நுழைந்தேன். "மன்னிச்சுக்கோங்க. இது கையோட வந்துடுச்சு."

ஃபாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா என் உடுப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக என்னிடமும் கேள்வி கேட்டார்கள். நான் திக்கித் திணறிப் பதில் சொன்னேன். நிதியில் இடம் கிடைத்தது! துள்ளிக் குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் மதர் இழுப்பறையிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி விண்ணப்பத்துல பார்த்தேன், உனக்கு இருபத்திமூணு, பத்தாவதைப் பாதியில விட்டிருக்கே. எங்க நிதியில இருபத்தஞ்சு வயசு வரைக்கும் சேர்த்துக்கலாம்."

அக்கா அந்தத் தாளின் மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "இந்த வயசுல பத்தாவதா, மதர்? சிரிக்க மாட்டாங்களா?"

"நாங்களும்தான் இவ்வளவு நேரமா சிரிச்சோம். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் ஃபாதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்திலேயே வகுப்பு. பாதியில் படிப்பை விட்ட பன்னிரண்டு பேருக்கு நடுவே அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மடத்தில் வைத்த முதல் தேர்வில் கணக்கு காலை வாரிவிட்டது. இரண்டு நாள் நோட்டைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் அல்ஜீப்ராவைத் திட்டிக்கொண்டே நோட்டைத் திறந்தாள். அடுத்த தடவை ஐம்பத்தெட்டு வாங்கினாள்.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு முடிவு வந்த அன்று நான் கல்லூரியிலிருந்து கடைக்கு ஓடினேன். "அக்கா, பாஸ்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். புகை வாசனை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். வெள்ளைச் சட்டையின் முதுகில் முக்கோணமாக ஓர் ஓட்டை.

"ஐயோ, யார் சட்டை?" என்று பதறினாள் அக்கா.

கடைக்காரர் நிதானமாக எட்டிப் பார்த்தார். "என்னோடதுதான். பத்தாவது பாஸ் பண்ணினவங்க தேய்ச்ச முதல் சட்டை, இருக்கட்டும் விடு."